முதல் தந்தி

திங்கட்கிழமை காலை ஷென் டெலிபோன் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோதே, வேண்டாத சேதி ஏதோ வந்திருக்கிறது என்று தூதர் குவான் ஷூதாங்குக்குத் தெரிந்துவிட்டது. தூதரக அலுவலகப் பொறுப்பாளனான ஷென், நல்ல சேதி என்றால் வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வருவான். கெட்ட சேதியைத்தான் கதவைச் சாத்திவிட்டுச் சொல்வான். இப்போது கதவைச் சாத்தினான்.

"சார், நம்ம ஹௌ மாஸ்டரோட பொண்ணு யாங்ஜோவிலேர்ந்து போன் பண்ணினா."

"என்னவாம்?"

"அவங்கம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். ஈரல்ல கட்டி, முத்திப்போச்சாம். டாக்டர் பத்து நாள்னு கெடு சொல்லிட்டாராம். அப்பாவை உடனே அனுப்பி வைங்கன்னு ஒரே அழுகை."

குவான் மேஜை நாட்காட்டியைப் பார்த்தார். ஒரு பெண் சாகக் கிடக்கிறாள் என்று கேட்டதும் நாட்காட்டியைப் பார்க்கிறாரே, இவர் என்ன மனிதர் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். அதில் அடுத்த வாரத்து வியாழக்கிழமையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. அன்றைக்குப் பெய்ஜிங்கிலிருந்து தலைவர் வருகிறார். தூதரகத்தில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, தலைவர் என்றால் போதும். ஆண்டிஸ் மலைமேல் உட்கார்ந்திருக்கும் இந்தச் சின்னத் தலைநகரத்துக்கு அந்த அந்தஸ்தில் ஒருவர் வந்து ஒன்பது வருடமாகிறது. அவர் பிறந்ததும் யாங்ஜோ பக்கம்தான். ஊர்ச் சாப்பாடு தவிர வேறு எதுவும் அவருக்கு இறங்காது, கவனிக்கவும் என்று அமைச்சகம் தனியாக ஒரு குறிப்பே அனுப்பியிருந்தது. தூதரகத்தில் இருந்ததோ ஒரே ஒரு சமையல்காரர், ஹௌ சாங்கென். யாங்ஜோவில் பிறந்து, பதினைந்து வயதில் அங்கேயே கத்தி பிடித்தவர்.

"மாஸ்டருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை சார். உங்ககிட்ட கேட்டுட்டு..."

"நல்லதாப் போச்சு. இப்ப சொல்ல வேண்டாம்."

ஷென் பதிவேட்டைக் கொஞ்சம் இறக்கினான். "சார், இன்னிக்கு டிக்கெட் போட்டா நாளைக்குக் கிளம்பி வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்துடுவார்."

"வெள்ளிக்கிழமை அவர் போய்ச் சேர்வார். அடுத்த வாரம் வியாழக்கிழமை யார் சமைப்பா? நீயா?" குவான் குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதுமே உயர்த்துவதில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட தகவல் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு மட்டும் சொல்லு. டாக்டர் சொல்ற பத்து நாள் எப்பவும் இருபது நாளா ஆகும். வியாழக்கிழமை முடிஞ்சதும் முதல் விமானத்துல நானே ஏத்தி விடறேன்."

ஷென் தலையாட்டிவிட்டுப் போனான். குவான் இதை ஒரு கெட்ட காரியமாக நினைக்கவே இல்லை. சொல்லப் போனால், மாஸ்டருக்கு ஒரு உபகாரம் செய்வதாகத்தான் நினைத்தார். ஏன் அப்படி நினைத்தார் என்பதற்கு இருபத்திரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

குவான் ஹபெய் மாகாணத்தில் ஒரு செங்கல் சூளைக்காரரின் மகன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் ஊர்க் கம்யூன் அவரைப் படிக்க அனுப்பியபோது டிராக்டர் ரிப்பேர் கற்றுத் தருவார்கள் என்றுதான் கிளம்பினார். பெய்ஜிங்கில் அவர்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். இந்த வரிசை ஆங்கிலம், அந்த வரிசை பிரெஞ்சு, நீங்கள் ஸ்பானிஷ் என்று ஒருவர் கையைக் காட்டிக்கொண்டே போனார். ஸ்பெயின் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட குவானுக்குத் தெரியாது. நான்கு வருடம் கழித்து அதே மொழியை வைத்துக்கொண்டு கடல் தாண்டினார். மொழிபெயர்ப்பாளர் என்று பெயர். தூதரின் பையைத் தூக்குவது, கார் கண்ணாடி துடைப்பது, வெங்காயம் பேரம் பேசுவது, எல்லாம் அதில் அடக்கம். பெண்டாட்டியைக் கூட்டிப் போக அன்றைக்கு அனுமதி கிடையாது. அவள், பெய்லான், ஊரில் மாமனாரோடு இருந்தாள்.

எண்பத்து நாலில், வெயில் கொளுத்தும் ஒரு கரையோர நாட்டில், லுவோ என்ற பழைய தூதரின் கீழ் அவர் வேலை பார்த்தார். ஒரு பெரிய பிரதிநிதிக் குழு வந்து போன மறுநாள் லுவோ அவரை அறைக்குள் கூப்பிட்டு, ஒரு கிண்ணம் மாவ்தாய் மது ஊற்றிக் கையில் கொடுத்து, பிறகு ஒரு தந்தியைக் கொடுத்தார். அப்பா இறந்துவிட்டார். தந்தி வந்து ஐந்து நாளாகிவிட்டது. "உனக்கு அப்பவே சொல்லியிருந்தா நீ மொழிபெயர்த்திருப்பியா? அதான் நான் என் பையில வெச்சுக்கிட்டேன்" என்றார் லுவோ. அதற்கு இளம் குவான், "வேலையை முதலில் நினைத்ததற்கு நன்றி" என்று பதில் சொன்னார். லுவோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே குவானின் கோப்பில் எழுதினார்.

கோப்பு என்பது ஒவ்வொருவருடைய பெயரிலும் பெய்ஜிங்கில் இருக்கிறது. பள்ளிக்கூட நாள் முதல் மேலே இருப்பவர்கள் நம்மைப் பற்றி எழுதியதெல்லாம் அதில் சேரும். நம் கோப்பை நாம் பார்க்க முடியாது. அதைப் பார்த்தவர்கள் நம்மை நடத்துகிற விதத்தில்தான் அதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். அடுத்த வருடமே குவான் மூன்றாம் செயலர் ஆனார். பிறகு இரண்டாம் செயலர், முதல் செயலர், துறையில் பிரிவுத் தலைவர், ஆலோசகர், ஐம்பத்தொரு வயதில் தூதர். படிக்கட்டின் அடியில் இருந்தது அந்த வாக்கியம்தான் என்று அவர் உறுதியாக நம்பினார். தூதரக விருந்துகளில் மூன்றாவது கிண்ணத்துக்குப் பிறகு அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

இப்போது ஐம்பத்து நாலு. மேலே இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. பெரிய நாடு ஒன்று, துணை அமைச்சர் அந்தஸ்து. தலைவரின் வருகை நல்லபடி முடிந்தால் அது கிடைக்கும். கிடைக்காவிட்டால் அறுபதில் ஓய்வு பெற்று, பூங்காவில் கூண்டோடு பறவையை மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

அன்று மதியம் ஹௌ மாஸ்டர் நூடுல்ஸ் போட்டிருந்தார். இந்த உயரத்தில் தண்ணீர் கொதிக்க வேண்டிய அளவு கொதிக்காது, நூடுல்ஸ் வெளியே குழைந்து உள்ளே மாவாக நிற்கும். மாஸ்டர் மட்டும் குக்கரை வைத்து என்னமோ தந்திரம் செய்து ஊர்ப் பதத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். குவான் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

"மாஸ்டர், இன்னிக்கு நூடுல்ஸ் பிரமாதம்."

"உங்களுக்குப் பிடிச்சா சரிதான் ஐயா" என்று மாஸ்டர் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. ஐந்து வருடமாகக் குவானோடு இரண்டு நாடு சுற்றியவர் அவர்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு விருந்துப் பட்டியலை முடிவு செய்யக் குவான் சமையலறைக்குப் போனார். ஃபோக் கடையிலிருந்து மாஸ்டர் அப்போதுதான் காய்கறியோடு வந்திருந்தார். ஊரில் சோயா, காளான், மூங்கில் குருத்து எல்லாம் கிடைக்கிற ஒரே இடம் அந்தக் கன்டோனியக் கிழவனின் மளிகைக் கடைதான். மாஸ்டர் முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது. குளிராக இருக்கும் என்று குவான் நினைத்தார். பன்றி இறைச்சி உருண்டை, நண்டு சேர்த்தது. தோஃபு என்கிற சோயாக் கட்டியைத் தலைமுடி மாதிரி மெலிதாக அரிந்து போட்ட சூப். உப்பு வாத்து. எட்டு வகையும் பேசி முடிந்தது. மாஸ்டர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"வேற ஏதாவது சொல்லணுமா ஐயா?"

"இல்ல மாஸ்டர். தோஃபு மட்டும் நாலு நாள் முன்னாடியே பழகிப் பாத்துக்குங்க."

"சரிங்க ஐயா."

மாலை பெய்லானுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவளும் தூதரகத்தில் வேலை பார்க்கிறாள், விருந்தினர் ஏற்பாடெல்லாம் அவள் பொறுப்பு. ஷென் அவளிடம் உளறியிருக்க வேண்டும். குவான் கோட்டைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த மனுஷனை அனுப்பிடுங்க."

"யார் சொன்னது உனக்கு?"

"யார் சொன்னா என்ன? எட்டு வகை இல்லேன்னா நாலு வகை போடலாம். நான் செய்யறேன். ஃபோக் கடையில சொன்னா ஒரு ஆளை அனுப்புவான்."

"தலைவருக்கு ஃபோக் கடை ஆள் சமைக்கிறதா? நல்லா இருக்கு. நாளைக்கு என் தலையில மண்ணை அள்ளிப் போடுவாங்க."

"ஓ, தலைவர் வயிறு. அதுக்காக ஒருத்தி தனியா சாகணும்."

"இதையெல்லாம் தாண்டித்தான் நான் வந்தேன். லுவோ எனக்கு என்ன செஞ்சார்? நான் என்ன கோவிச்சுக்கிட்டேனா? நன்றிதானே சொன்னேன்?"

பெய்லான் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அலமாரியைத் திறந்து துணி மடிக்க ஆரம்பித்தாள். இந்தக் கதை வரும்போதெல்லாம் அவள் இப்படித்தான் ஏதாவது வேலையைத் தேடிக்கொள்வாள். அலுத்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் குவான் இத்தனை காலம் நினைத்திருந்தார்.

ஆனாலும் பெண்டாட்டி சொன்னது மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. புதன்கிழமை காலை சொல்லிவிடுவது என்றுதான் சமையலறைக்கு இறங்கினார். இதை நான் அவருக்காகச் சொல்கிறேன், அவருக்கு மனசே இல்லாமல் போய்விடவில்லை. மாஸ்டர் தோஃபு அரிந்துகொண்டிருந்தார். வெள்ளைக் கட்டியின் மேல் கத்தி தடதடவென்று ஓடியது. அரிந்து முடித்ததைத் தண்ணீரில் விட்டதும் ஆயிரம் வெள்ளை நூல் பிரிந்து மிதந்தது. குவான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்தக் கை நடுங்கினால் இது நடக்குமா என்று யோசித்தார்.

"மாஸ்டர்..."

மாஸ்டர் கத்தியைச் சட்டென்று கீழே வைத்தார். "சொல்லுங்க ஐயா."

அந்த நேரம் பார்த்து ஷென் படியிறங்கி ஓடி வந்தான், பெய்ஜிங்கிலிருந்து துறைத் தலைவர் போனில் காத்திருக்கிறார் என்று. குவான் மாடிக்குப் போனார். துறைத் தலைவர் அவரோடு அதே மைதானத்தில் ஸ்பானிஷ் வரிசையில் நின்றவர். நலம் விசாரித்துவிட்டு, "உன் பேரு லிஸ்ட்ல இருக்கு. தலைவர் திரும்பி வந்ததும் அவர்கிட்டயே கேப்பாங்க, ஆள் எப்படின்னு. பாத்து நடந்துக்க. ஒரு மயிரிழை பிசகக் கூடாது" என்றார்.

குவான் திரும்பி சமையலறைக்கு வந்தபோது மாஸ்டர் அதே இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். கத்தியைக் கையில் எடுக்கவில்லை.

"ஏதோ சொல்ல வந்தீங்களே ஐயா?"

"சூப்புக்கு ஹாம் கொஞ்சம் கம்மியா போடுங்க. தலைவருக்கு ரத்தக் கொதிப்பு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் காலையில் பட்டியலைப் பேசினார்கள். மூன்று நாளும் மாஸ்டர், "வேற ஏதாவது சொல்லணுமா ஐயா?" என்று கேட்டார். ஐந்து வருடத்தில் இப்படி அவர் கேட்டதில்லை. பெரிய விருந்து, மனுஷனுக்குப் பதற்றம் என்று குவான் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்குப் பத்து நிமிடம் வீட்டுக்கு போன் பேசுகிற முறை. மாஸ்டர் சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். மலையில் மழை, வெளிநாட்டு இணைப்பு கிடைக்கவில்லை என்று ஷென் சொன்னான். அப்படிச் சொல்லச் சொன்னது குவான்தான். ஜன்னலுக்கு வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் அந்த வெயிலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்ல தம்பி" என்று சொல்லி எழுந்து போனார்.

திங்கட்கிழமை ஷென் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டு வந்து நின்றான். பதிவேட்டைத் திறக்கவில்லை.

"போயிட்டாங்க சார். அங்க சாயங்காலம் ஆறு மணிக்கு."

டாக்டர் சொன்ன பத்து நாள் எட்டு நாளில் முடிந்துவிட்டது. குவான் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். கீழே தோட்டத்தில் கொடி ஏற்றுகிற கம்பத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தத்தின் அடியில், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், ஒரு நிம்மதியும் இருந்தது. இனி அவசரம் இல்லை. போய் முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிற அந்த ஓட்டம் முடிந்துவிட்டது. இன்னும் மூன்று நாள் பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

"வியாழக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே" என்றார்.

தலைவர் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து இறங்கினார். விமானப் படிக்கட்டில் மூன்றாவது படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மலைக்காற்று யாருக்கும் தயவு பார்ப்பதில்லை. முகம் சாம்பலாகி, கார் ஓரமாக நிற்க, மருத்துவர் பையைத் திறக்க, ஒரே அமளி. அதிபர் மாளிகையில் அரை மணி நேரம் எப்படியோ தாக்குப்பிடித்துவிட்டு மதிய விருந்துக்குத் தூதரகம் வந்தார். மேஜைமேல் எட்டு வகை வரிசையாக வந்தது. வாத்தைக் கண்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருத்துவர் குனிந்து பெய்லானிடம், "கஞ்சி இருக்குமா? வெறும் கஞ்சி" என்று கேட்டார்.

சமையலறையில் பாத்திரம் கழுவ வரும் உள்ளூர்க்காரி ரொசாரியோ தன் சாப்பாட்டுக்காகக் குக்கரில் குழைய வைத்திருந்த சோறு இருந்தது. அதில் வெந்நீர் ஊற்றிக் கரைத்து, ஊறுகாய் முள்ளங்கி இரண்டு துண்டு வைத்து அனுப்பினார்கள். தலைவர் ஏழு கரண்டி குடித்தார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

"நம்ம ஊர்ப் பதம்" என்றார் தலைவர். "குவான், உங்க ஆளுக்கு நல்ல கை."

மேஜை முழுக்கச் சிரித்தது. குவானும் சிரித்தார். தோஃபு சூப் ஆறிப்போய் நூல்கள் அடியில் படிந்திருந்தன. மாலை நாலு மணிக்கு விமானம் கிளம்பிப் போனது.

வெள்ளிக்கிழமை காலை குவான் மாஸ்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் மாவ்தாய் புட்டியும் இரண்டு கிண்ணமும் இருந்தன. எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை, லுவோ சொன்ன மாதிரியே சொன்னால் போதும். ஊற்றினார். மாஸ்டர் நின்றுகொண்டே இருந்தார்.

"உட்காருங்க மாஸ்டர். மனசைத் திடப்படுத்திக்கணும். ஊர்லேர்ந்து ஒரு சேதி..."

"திங்கட்கிழமை போயிட்டா ஐயா. தெரியும்."

குவான் கையில் இருந்த கிண்ணம் மேஜையில் இறங்கியது.

"போன வாரம் செவ்வாய்க்கிழமையே தெரியும், படுத்துட்டான்னு" என்றார் மாஸ்டர். "எம் பொண்ணு இங்க சொல்லிட்டு, அன்னிக்கே ஃபோக் கடைக்கும் போன் பண்ணிட்டா. அவசரத்துக்குன்னு அந்த நம்பரை நான் குடுத்து வெச்சிருந்தேன். காய் வாங்கப் போனப்ப ஃபோக் சொன்னான். தூதரய்யாவுக்குச் சொல்லியாச்சாம், இன்னிக்கே உன்னை அனுப்பிடுவாங்கன்னு சொன்னான். ஓடி வந்தேன். நீங்க இறங்கி வந்தீங்க. வாத்துக்கு உப்பு எவ்வளவுன்னு கேட்டீங்க."

"மாஸ்டர், நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. தினம் கேட்டேனே, வேற ஏதாவது சொல்லணுமான்னு."

குவான் புட்டியின் மூடியைத் திருகி மூடினார்.

"நேரா கேட்டிருக்கலாம். கேட்டு, நீங்க முடியாதுன்னுட்டா? பாஸ்போர்ட்டு உங்க பெட்டகத்துல இருக்கு. நான் எங்க போவேன்? அதோட, முடியாதுன்னு உங்க வாயால கேட்டுட்டா, அப்புறம் உங்களுக்கு நான் எப்படி ஐயா சோறு போடுவேன்? அதான், அவரே சொல்லிடுவார், நல்ல மனுஷன், இன்னிக்கு இல்லேன்னா நாளைக்குச் சொல்லிடுவார்னு இருந்தேன். புதன்கிழமை வாயைத் திறந்தீங்க. கத்தியைக்கூட கீழ வெச்சேன்."

மாஸ்டர் அழவில்லை. அழுதிருந்தால் குவானுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கிண்ணத்தை அவர் தொடவில்லை.

"எனக்கும் இப்படி ஆச்சு மாஸ்டர். எங்கப்பா போனப்ப..."

"தெரியும் ஐயா. நாலஞ்சு தடவை சொல்லியிருக்கீங்க, நான் பரிமாறிக்கிட்டு இருந்தேன். நீங்க நன்றி சொன்னீங்க. நான் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அதையாவது செய்யுங்க. நான் வேலைக்காக விரும்பி இருந்தேன்னு எங்கயும் எழுதிடாதீங்க. அவ கண்ணு மூடற வரைக்கும் என்னைக் கேட்டாளாம். விரும்பி இருந்தேன்னு எம் பொண்ணு காதுல விழக் கூடாது."

"எழுத மாட்டேன்" என்றார் குவான். அந்த நிமிடத்தில் அதை மனசாரத்தான் சொன்னார்.

சனிக்கிழமை காலை மாஸ்டர் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார். கத்திகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார், எல்லாவற்றையும். திரும்பி வரமாட்டார் என்று அதிலேயே தெரிந்தது. பெய்லான் வாசல் வரை போனாள். குவான் மாடி ஜன்னலில் நின்றார்.

கார் போன கால் மணி நேரத்தில் துறைத் தலைவரிடமிருந்து போன் வந்தது. குரலில் கொண்டாட்டம். தலைவர் கஞ்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாராம். பெரிய நாடு ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். "ஒரே ஒரு சின்ன விஷயம்" என்றார். "உங்க சமையல்காரர் பொண்ணு இங்க அமைச்சக வாசல்லயே வந்து புகார் குடுத்திருக்கா. எங்கப்பாவை வேணும்னே தடுத்து வெச்சாங்கன்னு. அவரே இருந்துக்கறேன்னு சொல்லியிருந்தா பிரச்சினையே இல்ல. நீ தடுத்திருந்தா கொஞ்சம் சிக்கல். அவர் கோப்புக்கு ரெண்டு வரி எழுதி இன்னிக்குத் தபால் பையில அனுப்பிடு. நான் மூடி வெச்சுடறேன்."

பை மதியம் பன்னிரண்டு மணிக்கு முத்திரை வைக்கப்படும். ஷென் படிவத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே காத்திருந்தான். குவான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பெய்லான் உள்ளே வந்து படிவத்தைப் பார்த்தாள். நின்றபடியே முழுக்கப் படித்தாள்.

"எழுதப் போறீங்களா?"

"அவருக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லையே. பாராட்டுதானே இது. எனக்கு லுவோ எழுதினதும் இதைத்தானே?"

"நான் ரெண்டு தந்தி குடுத்தேன்" என்றாள் பெய்லான்.

குவானுக்குப் புரியவில்லை. "என்ன ரெண்டு?"

"உங்கப்பா போனதுக்குக் குடுத்தது ரெண்டாவது. முதல் தந்தி அதுக்குப் பதினோரு நாள் முன்னாடி குடுத்தேன். 'அப்பா கவலைக்கிடம், உடனே வரவும்'. தபாலாபீஸ்ல நானே நின்னு, நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு நீங்க வந்து, தந்தி வந்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, அந்தாளு முதலாவதை உங்ககிட்ட குடுக்கவே இல்லன்னு."

"நீ ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்வேன்? லுவோ தெய்வம், லுவோ தெய்வம்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சீங்க. அப்ப மூணாம் செயலர் வேற ஆயிட்டீங்க." அவள் படிவத்தைத் தள்ளி வைத்தாள். "தூக்கத்துலயே போயிட்டார்னு உங்ககிட்ட சொன்னேன். பொய். கிளம்பிட்டானா, கிளம்பிட்டானான்னு வாசலையே பாத்துக்கிட்டு கிடந்தார். கிளம்பிட்டான் மாமா, கப்பல்ல வர்றான், ரயில்ல வர்றான்னு பதினோரு நாளும் நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். கடைசி நாள், ஸ்டேஷன்ல இறங்கிட்டான்னேன். அதைக் கேட்டுட்டுத்தான் போனார்."

அவள் போய்விட்டாள். கதவு திறந்தே கிடந்தது.

குவான் பேனாவைக் கீழே வைத்தார். லுவோவின் அறையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். பச்சைத் திரைச்சீலை ஞாபகம் இருந்தது. சுற்றாமல் நின்ற மின்விசிறி, தோளில் விழுந்த லுவோவின் கனத்த கை, மாவ்தாய் தொண்டையில் இறங்கின எரிச்சல், எல்லாம் ஞாபகம் இருந்தது. நன்றி என்று தன் வாய் சொன்னது மட்டும் எவ்வளவு முயன்றும் காதில் விழவில்லை. அந்த வாக்கியத்தை அவர் முதன்முதலில் கேட்டது எப்போது? ஒரு மாதம் கழித்து, காரில் போகும்போது, லுவோ சொல்லித்தான். "நீ சொன்னதை அப்படியே உன் கோப்புல எழுதிட்டேம்ப்பா" என்று லுவோ சொன்னார். அதற்கு முன்னால் எதுவும் இல்லை. அந்த அறையில் ஒரு இருபது நிமிடம் ஒரு இளைஞன் பேசாமல் உட்கார்ந்திருந்தது மட்டும்தான் இருந்தது. அப்பாவுக்காக அவர் அன்றைக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. இப்போது கண் எரிந்தது. கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டடிக்க எட்டு நிமிடம் இருந்தது. வெளியே நின்ற ஷென் தொண்டையைச் செருமினான்.

குவான் பேனாவை எடுத்தார். 'மனைவியின் உடல்நிலை குறித்து உரிய நேரத்தில் தகவல் தரப்பட்டும், தலைவரின் வருகையை முன்னிட்டுப் பணியில் தொடர்வதாகத் தோழர் ஹௌ சாங்கென் தாமாகவே தெரிவித்தார். வேலையை முதலில் நினைத்ததற்குத் தூதரகத்துக்கு நன்றியும் கூறினார்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு நீட்டினார்.

ஷென் வாங்கிப் படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான்.

"மாஸ்டர் இப்படிச் சொன்னாரா சார்?"

"சொன்னார்" என்றார் குவான்.